கொளஞ்சியப்பனுக்குக் கிடைத்த முதல் தரம்

பிச்சைமுத்துவின் ஜீப்புக்குப் பித்தளைத் தகடு கிடைத்த நாளிலிருந்து தெய்வசிகாமணிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பிச்சைமுத்து அவருக்குப் பங்காளி; சித்தப்பா மகன். அவன் வைத்திருந்ததை ஜீப் என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். சின்னசேலத்தில் பழைய இரும்புக்கடை ஒன்றில் கிடந்ததை வாங்கி வந்து நெல் மெஷின் கொட்டகையில் போட்டிருந்தான். அது ஓடி யாரும் பார்த்ததில்லை. கோழிகள் அதில் முட்டையிட்டன. அப்படியிருக்க, ‘தென்னக மூத்த நான்குசக்கர இழுவை வாகன மரபுப் பேரவை’ என்ற பெயரில் ஒரு கூட்டம் வந்து, அதைக் கும்பிடாத குறையாகச் சுற்றிப் பார்த்து, ‘இரண்டாம் தர மரபுச் செல்வம்’ என்று பொறித்த தகடு ஒன்றை அதன் மூக்கில் அடித்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு சங்கராபுரத்திலிருந்தும் ரிஷிவந்தியத்திலிருந்தும் ஆட்கள் வந்து அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பிச்சைமுத்து வெள்ளை வேட்டிக்கு மாறிவிட்டான்.

தெய்வசிகாமணியின் ஜீப் அவருடைய அப்பா கொளஞ்சியப்பன் புதிதாக வாங்கியது. இன்றும் ஓடுகிறது. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலை மேல் வெள்ளிமலை வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறும். கொளஞ்சியப்பனும் லேசுப்பட்ட ஆளில்லை. மலையில் தானாக விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட வண்டியில் ஏற்ற விடமாட்டார். அடுத்தவர் வீட்டில் ஒரு வாய் மோர் குடித்தால், மறுநாள் ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் தூங்குவார். கோழிக் கூண்டுக்கே இரண்டாம் தரம் என்றால், அப்பேர்ப்பட்டவரின் வண்டிக்கு எது தகும்? முதல் தரத்துக்கு மேலே வேறு தரம் வைக்காமல் விட்டுவிட்டார்களே என்பதுதான் தெய்வசிகாமணியின் வருத்தம்.

அவர் மனைவி கமலாவுக்கு இதில் இஷ்டமில்லை. “ஏங்க, அவங்கள இன்னாத்துக்குக் கூப்புடுறீங்க? வூடு தேடி வந்து பொருளப் பாக்குறவன் எவனும் சும்மா பாத்துட்டுப் போனதில்ல.”

“நான் என்ன கண்ண மூடிக்கினா இருக்கப் போறேன்?” என்றார் அவர்.

கண்ணை மூடவில்லைதான். பேரவை வருகிற அன்று விடியற்காலையிலேயே ஜாக்கியையும் ஸ்பானர்களையும் உள்ளே வைத்துப் பூட்டினார். கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளத் தோதான நட்டு எது எதுவென்று வண்டியைச் சுற்றி வந்து மனப்பாடம் செய்தார். நாயை அவிழ்த்து வண்டிக்குப் பக்கத்தில் கட்டினார்.

பேரவை மூன்று கார்களில் வந்தது. ஒவ்வொன்றும் புத்தம் புதியது, ஆள் உயரம். நான்கு சக்கரமும் இழுக்கும் என்று பின்புறத்தில் வெள்ளி எழுத்தில் போட்டிருந்தது. தெருமுனையில் குழாய் பதிக்க ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்ததால் மூன்றும் அங்கேயே நின்றுவிட்டன. பேரவை நடந்து வந்தது.

முன்னால் வந்தவர் தலைவர் காசிநாதன். சட்டையில் எட்டிய இடமெல்லாம் பை, தலையில் வேட்டைக்காரத் தொப்பி. அவருக்குப் பின்னால் வெள்ளைக் கையுறையோடு ஓர் இளம்பெண். பெயர் செந்தமிழ்ச்செல்வி, பேரவையின் வரலாற்று மதிப்பீட்டாளர். அவர்களுக்குப் பின்னால் ஒரே மாதிரி பனியன் போட்ட உறுப்பினர்கள்.

“முதலில், உடைத்து உருக்கப்பட்ட மூத்த வாகனங்களுக்காக மௌன அஞ்சலி” என்றார் தலைவர்.

எல்லாரும் தலை குனிந்தார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பட்டதால் தெய்வசிகாமணி மட்டும் தலையைக் குனியாமல் எல்லாருடைய கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு செந்தமிழ்ச்செல்வி விசாரணையைத் தொடங்கினாள்.

“வண்டி ஓடுமா?”

“நல்லா ஓடும்ங்க.”

அவள் முகம் வாடியது. கையிலிருந்த தட்டைக் கணினியில் மதிப்பெண்ணைக் குறைத்தாள்.

“நான்கு சக்கர இழுவை வேலை செய்கிறதா?”

“குட்டி கியர முன்னால தள்ளுனா நாலும் இழுக்கும். செவுரு மேல கூட ஏறும்.”

“அடடா” என்றார் தலைவர், சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி. “அதைப் போட்டு ஓட்டியே விட்டீர்களா?”

“மலைக்குப் போவணும்ல?”

“மலைக்கு எதற்குக் கொண்டுபோனீர்கள்?”

“ஏறத்தாங்க.”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பழைய டயர்கள் எங்கே?”

“தேஞ்சு போச்சு. மாத்திட்டேன்.”

“மாற்றினீர்கள்.” தலைவர் அந்தச் சொல்லைக் கசப்பு மருந்தைப் போல விழுங்கினார். “ஐயா, உங்கள் பங்காளியின் வண்டியைப் பாருங்கள். அதன் உபரி டயரில் அந்தக் காலத்துக் காற்றே இருக்கிறது. யாரும் திறக்கக் கூடாதென்று முத்திரை வைத்திருக்கிறோம்.”

“அது தட்டையால்ல கெடக்குது?”

“காற்று மிகக் குறைவாக இருக்கிறது. அதனால்தான் அரிது.”

தலைவர் அவர் தோளில் கை போட்டார். தெய்வசிகாமணி தன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஒரு பொருளின் மதிப்பு எதில் இருக்கிறது? அது கிடைக்காததில் இருக்கிறது. கிடைத்தாலும் அதைத் தொடாததில் இருக்கிறது. என்னிடம் உள்ள மூத்த வாகனங்களில் ஒன்றைக்கூட நான் இதுவரை ஓட்டியதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஓட்டவே தெரியாது. அந்தத் தூய்மைக்காகத்தான் இவர்கள் என்னை ஒருமனதாகத் தலைவராக்கினார்கள்.”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். நாய் குரைத்தது.

“மூன்றாம் தரம். உழைப்புப் பொருள்” என்று செந்தமிழ்ச்செல்வி அறிவித்தாள். “மூன்றாம் தரத்துக்குத் தகடு கிடையாது. வரலாறும் கிடையாது. முதல் தரத்துக்கு மட்டுமே வரலாறு எழுதுவோம்.”

தெய்வசிகாமணிக்குக் காது மடல் சூடாயிற்று. கோழிக் கூண்டுக்குக் கீழே தன் அப்பாவின் வண்டி! என்ன சொல்லித் துரத்தலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், பின்பக்கத்துப் பலகைமேல் குனிந்திருந்த செந்தமிழ்ச்செல்வி திடீரென்று நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து, மூக்கைப் பலகையில் வைத்து நீளமாக இழுத்தாள்.

“தலைவரே, இங்கே வாருங்கள்.”

தலைவர் முகர்ந்தார். உறுப்பினர்கள் வரிசையில் நின்று முகர்ந்தார்கள். முகர்ந்தவர்கள் எல்லாரும் தெய்வசிகாமணியை வேறு விதமாகப் பார்த்தார்கள். தலைவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

“சந்தனம்” என்றார் தாழ்ந்த குரலில். “பலகைக்குள் ஊறிப்போயிருக்கிறது.”

“ஆமாங்க. வெள்ளிக்கெழம தவறாம எங்கூட்டுக்காரி பூசுவா. அதுக்கு முன்னால எங்கம்மா பூசுவாங்க. ஆயுத பூசைக்கு வண்டி முழுக்கப் பூசுவோம்.”

தலைவர் புன்னகை செய்தார். எல்லாம் தெரிந்தவரின் புன்னகை. “எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். உங்கள் தந்தை மலைக்கு என்ன ஏற்றிப்போவார்?”

“உப்பு, அரிசி, ஒரம்.”

“திரும்பும்போது?”

“புளி, கடுக்கா, தேனு.”

“அவற்றுக்கு அடியில்?”

“அடியில பலகைதாங்க.”

“அற்புதம்” என்றாள் செந்தமிழ்ச்செல்வி. “குடும்பம் இன்றுவரை ரகசியம் காக்கிறது. அதற்குத் தனியாக மதிப்பெண் உண்டு.”

கமலா உள்ளே போய், இழைத்த சந்தனம் இருந்த கல்லையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். “இந்தாங்க, நீங்களே மோந்து பாருங்க.” அவர்கள் கல்லையும் முகர்ந்தார்கள். ‘சாட்சியை மறைக்கப் பயன்படுத்திய கருவி’ என்று அதற்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். உழைத்ததற்காகக் குறைத்தவையெல்லாம் திரும்பி வந்தன; சந்தனக்கட்டை கடத்தப் போன பயணங்கள் உழைப்பில் சேராதாம், சாகசத்தில் சேருமாம். புறப்படும் முன் தலைவர் தெய்வசிகாமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“முதல் தரம், ஐயா. வெள்ளிமலையில் எங்கள் பொதுக்கூட்டம். அங்கே உங்கள் தந்தைக்கு உரிய மரியாதை செய்கிறோம்.”

வண்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி முத்திரை வைத்துவிட்டுப் பேரவை பள்ளத்தைத் தாண்டிப் போயிற்று. தெய்வசிகாமணி உடனே நட்டுகளை எண்ணினார். எல்லாம் இருந்தன. பெயரைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது அடுத்த வாரம்தான் அவருக்குத் தெரிந்தது.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில், கழிப்பறைச் சுவரிலிருந்து பழக்கடை வரைக்கும் கொளஞ்சியப்பன் ஒட்டப்பட்டிருந்தார். பிச்சைமுத்து தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த கல்யாணப் படம். நெற்றியில் விபூதியும் முகத்தில் கடுகடுப்புமாக அப்பா. கீழே கொட்டை எழுத்தில், ‘சந்தன மன்னர் கொளஞ்சியப்பன். மலையை வென்றவர். சட்டத்தை வென்றவர்.’

வாழ்நாளில் ஒரு சுள்ளி எடுக்காத மனிதர். தெய்வசிகாமணி ஒரு சுவரொட்டியைக் கிழித்தார். கிழித்ததைப் பார்த்த ஒருவர் ஓடி வந்து, “எனக்கும் ஒண்ணு கிழிச்சுக் குடுங்க, வூட்டுல மாட்டணும்” என்றார்.

ஊரிலோ நிலைமை அதைவிட மோசம். தமிழழகன் டீக்கடையில் அதுவரை அவர் வந்தால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். இப்போது எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“இத்தினி நாளா சொல்லவேல்லியே, தாத்தா” என்றான் தமிழழகன், டீயில் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டபடி. “நாங்க என்னமோ ஒங்கப்பாரு வெறும் நேர்மையான ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தோம்.”

“நேர்மையான ஆளுதாண்டா அவரு!”

“அட, எங்ககிட்ட இன்னாத்துக்கு? நாங்க வெளிய சொல்லமாட்டோம்.”

தெய்வசிகாமணி தலைவரிடம் தொலைபேசியில் பேசினார். தன் அப்பா கடத்தல்காரர் இல்லை என்று கத்தினார். “கத்துங்கள், பதிவாகிறது” என்றார் தலைவர். “மறுப்பு எவ்வளவு உரக்க இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது.” தரத்தை மாற்ற வேண்டுமென்றால் பொதுக்கூட்டத்தன்று மதிப்பீட்டாளர் நேரில் கண்டு மாற்றினால்தான் உண்டு என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பிச்சைமுத்து வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவன் வாழைப்பழம் வாங்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் தெய்வசிகாமணி அதை வாங்கிக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அண்ணே, பெரியப்பா ஒண்டியா இவ்ளோ கட்டையத் தூக்கியிருக்க முடியுமா?”

“டேய்!”

“இல்லண்ணே, கோவப்படாதீங்க. எங்கப்பாவும் ஒரு கை புடிச்சாருன்னு மேடையில ஒரே ஒரு வார்த்தை. ஒரே ரத்தந்தானே? எனுக்கு முதல் தரம் வேணாம். ரெண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஏதாச்சும் குடுத்தா போதும்.”

“எங்கப்பாவும் கடத்தல, ஒங்கப்பாவும் கடத்தல. எந்திரிச்சுப் போடா.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே” என்றான் பிச்சைமுத்து, உண்மையிலேயே மனம் நொந்து. “எங்கப்பாவ ஒண்ணுத்துக்கும் ஆவாத ஆளுன்னு சொல்றீங்களா?”

பொதுக்கூட்டம் ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே வந்தது. ஜீப்பை ஓட்டி வரக் கூடாது என்று உத்தரவு. ஒரு லாரியை அனுப்பினார்கள். ஜீப்பை அதில் ஏற்றி, மெத்தை வைத்துக் கட்டி, மேலே பட்டுத்துணி போர்த்தினார்கள். வாழ்நாளெல்லாம் அந்த மலையில் ஏறிய வண்டி அன்று படுத்துக்கொண்டு ஏறியது. தெய்வசிகாமணியும் கமலாவும் லாரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் மனசில் ஒரே எண்ணம்தான்: மேடையில் ஒலிபெருக்கியைப் பிடுங்கி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சொல்லச் சொல்ல மதிப்பெண் ஏறுமே என்ற பயமும் கூடவே வந்தது.

அணை தாண்டி மூன்றாவது வளைவில் மண் சரிந்திருந்தது. முன்னால் போன மூன்று பேரவைக் கார்களும் செம்மண் சேற்றில் வயிறு வரை இறங்கி நின்றன. சக்கரங்கள் சுற்றின, சேறு பறந்தது, கார்கள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தன. காருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், ‘நீங்கள் சரியான பாதையில் செல்கிறீர்கள்’ என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த லாரியும் சறுக்கி, ஓரத்து மண்மேட்டில் வாலை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

தலைவர் குடை பிடித்து இறங்கி அவசரக் கூட்டம் கூட்டினார். மழையை எதிர்த்துக் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அந்த வழியாகக் கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த வெள்ளிமலைக்காரர் சின்னக்கண்ணு இதையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏங்க, லாரி மேல என்னமோ துணி போத்திக்கினு இருக்குதே, அது நம்ம கொளஞ்சியப்பன் ஜீப்பு தானே? அத எறக்கி இழுத்துவுட வேண்டியதுதானே?”

“யாரும் அதைத் தொடக் கூடாது!” தலைவர் அலறியதில் குடை திரும்பிக்கொண்டது. “இது முதல் தரம்! நான்கு சக்கர இழுவையைப் போட்டு இந்தச் சேற்றில் இழுத்தால் தரமே போய்விடும்!”

லாரியின் படியில் நின்றிருந்த தெய்வசிகாமணியின் காதில் ‘தரமே போய்விடும்’ என்பது மட்டும் விழுந்தது. பிறகு இறங்கி, செந்தமிழ்ச்செல்வியிடம் போனார்.

“ஏம்மா, சேத்துல வண்டி இழுக்கறது சாகசமா, ஒழைப்பா?”

அவள் யோசித்தாள். “உழைப்புதான்.”

“ஒரு காருக்கு எவ்ளோ கொறையும்?”

“ஒரு தரம் போய்விடும்.”

“நீ எங்கியும் போவாத. இங்கியே நின்னு நல்லா பாத்துக்க.”

பட்டுத்துணி சேற்றில் விழுந்தது. சிவப்பு நாடா அறுந்தது. சின்னக்கண்ணு கட்டுகளை அவிழ்த்தார். தெய்வசிகாமணி ஏறி உட்கார்ந்து, குட்டி கியரை முன்னால் தள்ளி, லாரியிலிருந்து நேராக மண்மேட்டின்மேல் இறக்கினார். ஜீப் ஒரு தடவை உறுமிற்று. தலைவர் காதைப் பொத்திக்கொண்டார்.

லாரிக் கயிற்றில் கட்டிய முதல் கார் சப்பென்ற சத்தத்தோடு சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

“இரண்டாம் தரம்” என்றாள் செந்தமிழ்ச்செல்வி, கண் கலங்க.

“வேண்டாம் ஐயா! உங்கள் தந்தையை நினைத்துப் பாருங்கள்!” என்று தலைவர் கூடவே ஓடி வந்தார்.

“அவர நெனச்சுத்தாங்க இழுக்குறேன். தள்ளி நில்லுங்க.”

இரண்டாவது கார் வந்தது. “மூன்றாம் தரம். உழைப்புப் பொருள்.” மூன்றாவதை இழுத்தபோது அதில்தான் தலைவர் ஏறி உட்கார்ந்திருந்தார், இழுக்க விடாமல் தடுப்பதற்காக. அவரையும் சேர்த்தே இழுத்தார். மூன்றுக்குக் கீழே தரம் இல்லாததால் செந்தமிழ்ச்செல்வி வெறுமனே தலையை ஆட்டினாள்.

“மூணாந்தரத்துக்கு வரலாறு இல்லதானே?”

“கிடையாது. ரத்து.”

“மேடையில சொல்லிடும்மா, அது போதும்.”

வெள்ளிமலைத் திடலில் அவள் சொல்லத்தான் செய்தாள். கொளஞ்சியப்பன் என்பவர் சந்தனம் கடத்தியதற்கான தகுதியை அவரது வாகனம் இழந்துவிட்டது என்றாள். கூட்டம் ‘ச்சே’ என்றது. தெய்வசிகாமணி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பல நாளுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் தரம் என்ற சொல் அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

ஆனால் மாலை வாங்கியாயிற்று, மேளம் வந்தாயிற்று, மன்னர் இல்லை. தலைவர் செய்வதறியாமல் நின்றபோது, முதல் நாளே வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்த பிச்சைமுத்து எழுந்து மேடைக்குப் போனான்.

“பெரியப்பா கடத்தல. அது சத்தியம். கடத்துனது எங்கப்பா” என்றான் ஒலிபெருக்கியில். கூட்டம் உயிர் பெற்றது. “ஒறமொறையில கல்யாணம், பொண்ணு அழைக்கணும்னு சொல்லி எங்கப்பா பெரியப்பாகிட்ட ஜீப்ப வாங்கிக்கினு வருவாரு. பெரியப்பா ஒண்ணுங் கேக்கமாட்டாரு, சாவியக் குடுத்துடுவாரு. ஆடி மாசம் தவறாது. ஆடிக்காத்துல இஞ்சின் சத்தம் கீழ கேக்காது பாருங்க, அதுக்குத்தான்!”

விசில் பறந்தது. மாலை பிச்சைமுத்துவின் கழுத்தில் விழுந்தது. தலைவர் அவனைக் கட்டிக்கொண்டார்.

புளுகுகிறான் என்று தெய்வசிகாமணிக்குத் தெரியும். தரத்துக்காக என்ன வேண்டுமானாலும் சொல்வான். ஆனால் சித்தப்பா ஜீப்பைக் கேட்டு வந்து நிற்பதும், அப்பா ஒன்றும் பேசாமல் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் அவருக்கும் ஞாபகம் இருந்தது. அதை நினைக்க வேண்டாம் என்று கமலாவைக் கூப்பிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். கூடவே மேலே வந்திருந்த சின்னக்கண்ணுவும் இன்னும் நாலைந்து பேரும் மூட்டைகளோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டு வளைவு இறங்கியாயிற்று. கமலா மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க. ஆடி மாசத்துல எவன் வூட்டுலங்க கல்யாணம்?”

அவர் சாலையைப் பார்த்தார்.

“சின்ன மாமா கேட்டாரு, சரி. மாமாவுக்குமா அது தோணல?”

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். தெய்வசிகாமணி ஹாரனை அழுத்தினார். எதிரே ஒருவரும் வரவில்லை.

சேறு முடிந்து தார்ச்சாலை வந்தது. நல்ல சாலை. முன்சக்கரம் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. வண்டி திமிறிக்கொண்டு முனகியது.

“ரோடுதான் நல்லா கீதே” என்றார் பின்னாலிருந்து சின்னக்கண்ணு. “குட்டி கியர எடுத்துவுட்டா இன்னாங்க? வீணா தேயுமே.”

“ஒழைப்புதானே, தேயட்டும்” என்றார் தெய்வசிகாமணி. கச்சிராயபாளையம் வந்தும் அவர் அதை எடுக்கவில்லை.